பேர் சொல்லும் கதை – 17: குதிரை இல்லாத ராவுத்தர்கள்

கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கொடைக்கானல் போகிறவர்கள். ஸ்டேஷன் பலகையும் 'கொடைக்கானல் ரோடு' என்றுதான் சொல்லும். ஊரின் சொந்தப் பேர் அம்மையநாயக்கனூர். 1875-ல் ரயில் வந்த பிறகு, எண்பது கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கிற ஓர் ஊருக்குப் போகும் வழி என்பதே இந்த ஊருக்குப் பேராகிவிட்டது. மலைச்சாலை போடும் வரை வெள்ளைக்காரர்கள் இங்கே இறங்கி, மாட்டு வண்டி பிடித்து மலையடிவாரம் போய், அங்கிருந்து டோலியிலோ மட்டக் குதிரையிலோ ஏறினார்கள். வண்டியும் டோலியும் போய்விட்டன. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஸ்டேஷனுக்கு வெளியே திராட்சை விற்கிற பாய் ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். எழுபதைத் தாண்டியவர். சிறுமலை அடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பன்னீர் திராட்சையைக் கூடையில் இலை பரப்பி அடுக்கி வைத்திருப்பார். எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும், எடை போட்டு முடித்ததும் ஒரு சின்னக் கொத்தை மேலே வைத்தால்தான் அவருக்கு வியாபாரம் முடிந்த மாதிரி. போன வாரம் இந்தத் தொடரில் துருக்கியின் குடும்பப் பெயர்ச் சட்டத்தைப் பற்றி எழுதியிருந்ததை அவர் படித்திருந்தார். கூடைக்கு அடியில் விரித்திருந்ததே அந்தப் பக்கம்தான் என்பது வேறு விஷயம்.

"நம்ம ஆளுங்களப் பத்தி எழுதியிருக்கீகளே தம்பி" என்றார்.

"துருக்கிக்காரங்களப் பத்தில்ல பாய் எழுதியிருந்தேன்?"

"அதத்தான் சொல்றேன். நாங்க ராவுத்தமாரு, துருக்கியில இருந்து வந்தவங்க. எங்கத்தா சொல்லியிருக்காரு. அத்தான்னு கூப்புடுறோம்ல, அந்தப் பேச்சே துருக்கிப் பேச்சுதான்."

பக்கத்தில் பேரன் கைபேசியில் 'எர்துருல்' என்ற துருக்கித் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் தோல் சட்டை போட்ட துருக்கியர்கள் குதிரைகளில் பாய்ந்து கொண்டிருந்தார்கள். பாய் அதைக் காட்டி, "இந்தா, இதே ஆளுங்கதான்" என்றார். இந்த வாரம் எதைப் பற்றி எழுதுவது என்று நான் யோசிக்க வேண்டிய தேவை அத்தோடு தீர்ந்தது.

போன வாரம் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. 1934 ஜூன் 21-ல் துருக்கி ஒரு சட்டம் போட்டது: ஆளுக்கொரு குடும்பப் பெயர் கட்டாயம். அதுவரை அங்கேயும் நம்மூர் மாதிரிதான், இன்னார் மகன் இன்னார். சட்டம் வந்ததும் ஜனங்கள் பேர் தேடி ஓடினார்கள். யில்மாஸ் என்றால் அசராதவன், காயா என்றால் பாறை, தெமிர் என்றால் இரும்பு. நாட்டுத் தலைவர் முஸ்தபா கெமாலுக்கு அந்த நவம்பரில் நாடாளுமன்றம் 'அதாதுர்க்' என்ற பேரைக் கொடுத்தது. துருக்கியரின் தந்தை. இந்தப் பேரை வேறு யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சட்டம் போட்டார்கள்.

'அதா' என்றால் தந்தை, முன்னோன். பாய் சொல்லும் அத்தாவும் தந்தை. உத்தமபாளையம், கம்பம் தொடங்கி பழனி, திண்டுக்கல் வரைக்கும் ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து மரைக்காயர் வீடுகளில் அதுவே வாப்பா. ஆகவே அத்தா துருக்கியிலிருந்து குதிரையேறி வந்த சொல் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சம்மதமில்லை. துருக்கியர்கள் எவரும் தெற்கே எட்டிப்பார்க்காத காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், திருவெண்ணெய்நல்லூரில் நின்று சுந்தரர் சிவனை அத்தா என்றுதான் அழைத்தார். அத்தன் என்றால் தந்தை, பழைய தமிழ். பக்கத்து வீட்டுச் சைவரும் வைணவரும் அதைக் கைவிட்டு அப்பாவுக்குப் போய்விட்டார்கள். ராவுத்தர் வீட்டு அடுப்படியில் அது அப்படியே இருக்கிறது. இன்றைய துருக்கியில் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுவது 'பாபா' என்று. துருக்கியர் என்பதற்குச் சாட்சியாகப் பாய் எடுத்து நீட்டிய சொல், அவர் வீட்டில் இருப்பதிலேயே பழைய தமிழ்ச் சொற்களில் ஒன்று.

இதைச் சொன்னபோது பாய் நம்பவில்லை. "சுந்தரருக்கு யாரு சொல்லிக் குடுத்தாக?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்காகத் துருக்கிக்கும் திண்டுக்கல் சீமைக்கும் ஒட்டே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. திண்டுக்கல்லில் பேகம்பூர் இருக்கிறது. 1755 வாக்கில் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கிற பள்ளிவாசலை ஒட்டித்தான் அந்தப் பகுதிக்கு அந்தப் பேர். 'பெக்' என்பது துருக்கிய மொழிகளில் தலைவனைக் குறிக்கும் சொல். பேகம் அதன் பெண்பால், தலைவி. மத்திய ஆசியாவின் புல்வெளியில் பிறந்த சொல் மொகலாயர் அரண்மனைக்கு வந்து, மைசூர்க் குதிரைப்படையோடு மலைக்கோட்டை அடிவாரத்துக்கு வந்து, இன்றைக்கு டவுன் பஸ் போர்டில் ஓடுகிறது. கான் என்பதும் அந்தப் புல்வெளிச் சரக்குத்தான். பேரக்குழந்தைக்கு நூர்ஜஹான் பேகம் என்று பேர் வைக்கும் வீட்டில் யாரும் இதைத் துருக்கி என்று நினைப்பதில்லை. துருக்கி என்று நினைக்கிற அத்தா தமிழாக இருக்கிறது, தமிழாகிப் போன பேகம் துருக்கியாக இருக்கிறது.

'துலுக்கர்' என்ற சொல்லையும் இங்கே தாண்டிப் போக முடியாது. துருக், துருஷ்கா, துருக்கர், துலுக்கர் என்று அது உருண்டு வந்தது. வடக்கிலிருந்து முதலில் படையோடு வந்த முஸ்லிம்களில் துருக்கிய இனத்தார் முன்னால் நின்றதால் அந்தப் பேர் எல்லா முஸ்லிம்கள் தலையிலும் ஏறியது. அரபிக்கும் அதே பேர், ஆப்கானிக்கும் அதே பேர், மதுரையில் பிறந்து மதுரையிலேயே மண்ணாகிறவருக்கும் அதே பேர். இப்போது அது ஏச்சாகிவிட்டது. எழுதும்போதே கை கூசுகிறது. வெளியிலிருந்து வந்த எதற்கும் அந்த முத்திரையைக் குத்தும் பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்கும் செண்டுமல்லிக்குத் துலுக்கச் சாமந்தி என்றும் ஒரு பேர் உண்டு. அந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோ. எந்தத் துருக்கியன் அதைக் கொண்டுவந்தான்?

சரி, ராவுத்தருக்கு வருவோம்.

சொல்லின் வேர் துருக்கியில் இல்லை. ராஜபுத்ர என்ற வடசொல் பிராகிருதத்தில் தேய்ந்து ராவுத்த ஆயிற்று என்பது மொழியறிஞர்கள் பரவலாக ஒப்பும் வழி. அரச குலத்து இளைஞன் என்ற பொருள் குதிரைமேல் சண்டை போடுகிறவன் என்று சுருங்கியது. மராத்தியில் ராவுத், தெலுங்கில் ராவுத்து, கன்னடத்தில் ராவுத; எல்லாம் குதிரை வீரன். மகாராஷ்டிரத்து ராவுத், ஒடிசாவின் ரௌத்ராய், தொடுபுழாவின் ராவுத்தர் மூவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால், பேரளவில் பங்காளிகள்.

தமிழில் இந்தச் சொல் மதம் பார்த்து வரவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் முருகனையே ராவுத்தன் என்கிறார். குதிரைக்குப் பதில் மயில், அவ்வளவுதான். இதை இலக்கிய நயம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். அருணகிரியார் திருப்புகழில் குறிப்பிடும் பிரபுடதேவனை விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அந்த ராயன் 1424 முதல் 1446 வரை ஆண்டவன். பாமினி சுல்தான்களிடம் அடிக்கடி தோற்பது ஏன் என்று மந்திரிகளிடம் கேட்டபோது, அவர்களிடம் நல்ல குதிரையும் நல்ல வில்லாளியும் இருக்கிறார்கள் என்று பதில் வந்ததாம். உடனே முஸ்லிம் குதிரை வீரர்களைத் தன் படையில் சேர்த்து, நிலம் கொடுத்து, பள்ளிவாசல் கட்டிக்கொடுத்து, அவர்கள் தனக்கு வணக்கம் செலுத்தும்போது மனம் சங்கடப்படக் கூடாது என்று சிம்மாசனத்துக்கு முன்னால் குர்ஆனையும் வைத்தான் என்று வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தா எழுதுகிறார். அருணகிரியார் கண்ணெதிரே தெருவில் ராவுத்தர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முருகனை அந்தத் தோரணையில் பார்க்கத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன?

செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தர் காவல் தெய்வமாக நிற்கிறார். முஸ்லிம் வீரர், அம்மனுக்குக் காவல். அவருடைய குதிரைக்குக் கொள்ளு படைப்பார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிய தம் நூலில் இவருக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் நல்ல குதிரை விளையாது. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் காயலில் கண்டதை எழுதும்போது இதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஓர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வருகிறது, பாண்டியன் வருஷத்துக்கு 2,000 வாங்குகிறான், அவன் சகோதரர்களும் ஆளுக்கு அவ்வளவு வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரைக்கு வேகவைத்த சோறும் கறியும் போடுகிறார்கள்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் வருஷத்துக்கு 10,000 குதிரை, ஒவ்வொன்றும் 220 பொன் தினார் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பணத்தைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. குதிரை வளர்க்கவும் ஓட்டவும் தெரிந்த ஒருவனுக்கு அன்றைக்குத் தமிழகத்தில் எந்தக் கதவும் திறந்திருக்கும். அவன் துருக்கியனா, பாரசீகனா, தக்காணத்தானா, மதம் மாறிய உள்ளூர் மறவனா என்று கேட்கிற நிலையில் யார் இருந்தார்கள்?

1311-ல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை வந்து போனார். 1330-களில் மதுரையில் ஒரு சுல்தானகமே முளைத்து நாற்பது வருஷம் போல நின்றது. ஊர் சுற்றி இப்னு பதூதா அந்த வீட்டு மருமகன். அந்தப் படைகளில் வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள். பாய் சொல்லும் கதையில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அத்தாவைவிட உறுதியான சாட்சி. கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி வழி. அரபு வணிகர்களோடு கடல்வழி வந்த சட்ட மரபு அது. ராவுத்தர்கள் ஹனஃபி வழி. டெல்லிக்கும் துருக்கிக்கும் மத்திய ஆசியாவுக்கும் உரியது. மரக்கலம் ஏறியவர் மரைக்காயர், குதிரை ஏறியவர் ராவுத்தர் என்று ஊரில் சொல்வதை வெறும் எதுகை என்று தள்ள முடியாது. தொழுகையில் கை கட்டும் இடம் வரைக்கும் அந்த இரண்டு பாதைகளின் தடம் தெரியும்.

ஆனால் தடம் வேறு, ரத்தம் வேறு. ஒரு படைப்பிரிவில் நூறு பேர் வெளியூர்க்காரர்கள் என்றால், இரண்டு தலைமுறைக்குள் அவர்கள் பெண் எடுத்தது இங்கே, நிலம் உழுதது இங்கே, மார்க்கத்துக்கு வந்து சேர்ந்தவர்களும் இங்கத்தியவர்கள். இன்றைக்கும் தேனி, மதுரைப் பக்கத்தில் தேவர் வீட்டுக்காரரும் ராவுத்தர் வீட்டுக்காரரும் மாமா, மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். துருக்கியில் 'அத்லி' என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. அத் என்றால் குதிரை, அத்லி, குதிரையேறியவன். அங்காராவில் ஓர் அத்லி, அம்மையநாயக்கனூரில் ஒரு ராவுத்தர். இருவருக்கும் ரத்த உறவு தேட வேண்டாம். பாட்டன்மார் செய்த வேலை ஒன்று.

பேர் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று கேட்டால், திண்டுக்கல், தேனி, மதுரை, நெல்லை, திருச்சி, கோவை எல்லாம் உண்டு. மலை தாண்டினால் பாலக்காடு, தொடுபுழா, ஈராட்டுப்பேட்டை, காஞ்சிரப்பள்ளி. ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' 1969-ல் வந்தபோது மலையாளிகளுக்கு ராவுத்தர் வாழ்க்கை ஒரு காவியமாகவே தெரிந்தது. அந்த நாவலின் ஊர்க்கதையில் ஆயிரத்தொரு குதிரைகளோடு ஒரு ஷேக் வருகிறார். அவர் ஏறிவருவது மட்டும் ஒரு நோஞ்சான் குதிரை. அது நடக்க முடியாமல் விழுந்த இடத்தில் படையே நின்றுவிடுகிறது, ஊர் பிறக்கிறது. ராவுத்தர்களின் வரலாற்றை எந்த ஆவணத்தையும்விட இந்தக் கதை சரியாகச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றும். நம் மாவட்டத்துக் கீரனூர்க்காரர் ஜாகிர்ராஜாவும் தமிழில் 'துருக்கித் தொப்பி' என்று ஒரு நாவல் எழுதினார். அந்தத் தொப்பியைத் துருக்கி 1925-லேயே தடை செய்துவிட்டது. நம்மூர்ப் பெட்டிகளில் அது அதற்கப்புறமும் பல காலம் பத்திரமாக இருந்தது.

எட்கர் தர்ஸ்டன் 1909-ல் தென்னிந்தியச் சாதிகளைத் தொகுத்தபோது ராவுத்தன் என்பதை ஒரு பட்டம் என்று எழுதிக்கொண்டார். அரசாங்கப் பட்டியலில் அதற்குத் தனி வரி இல்லை, லப்பை என்ற பிரிவுக்குள் அடக்கம்: 'ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைகள்'. 2007-ல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும் அதே வரிதான். காயிதே மில்லத் முகமது இஸ்மாயிலின் தந்தை மியாகான் ராவுத்தர். உத்தமபாளையத்தில் 1956-ல் தொடங்கிய கல்லூரி ஹாஜி கருத்த ராவுத்தர் பேரைத் தாங்கியிருக்கிறது. தமிழ்நாடு முழுக்க இந்தப் பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோ சினிமா. 'கேப்டன் பிரபாகரன்' டைட்டிலில் தயாரிப்பு இப்ராகிம் ராவுத்தர் என்று வந்தபோது விசில் அடித்தவர்களுக்கு ராவுத்தர் என்றால் என்னவென்று தெரியாது, விஜயகாந்தின் நண்பர் என்று மட்டும் தெரியும்.

இப்போது கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். தாத்தா பேருக்குப் பின்னால் ராவுத்தர் இருக்கும். தகப்பன் பேரில் சில சமயம் இருக்கும். மாப்பிள்ளை பேரில் ஓர் இனிஷியலும் ஒரு பட்டப்படிப்பும். துருக்கி எல்லாரையும் பேரின் பின்னால் ஒன்றைப் போடச் சொன்ன அதே காலத்தில் தமிழ்நாடு அதைக் கழற்றிப் போடச் சொல்லிக்கொண்டிருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தலைமை வகித்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். ஊர் பட்டிவீரன்பட்டி, இந்தக் கொடைரோட்டிலிருந்து வத்தலக்குண்டு தாண்டினால் வந்துவிடும். சென்னையில் பாண்டி பஜாருக்குப் போகிறவர்கள் அவர் பேரைத்தான் சொல்லிவிட்டு வருகிறார்கள். அந்தத் தீர்மானம் ராவுத்தரை நினைத்துப் போட்டதல்ல. காற்று எல்லா வீட்டுக்குள்ளும் போனது.

இடையில் ஒரு நினைப்பு. அந்த 1934-ஆம் வருஷச் சட்டம் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலப்பா கட்டி பிரியாணிக் கடை நடத்திய நாகசாமி நாயுடுவின் சந்ததி இன்றைக்கு ரேஷன் கார்டில் தலப்பாக்கட்டி என்றே இருந்திருக்கும். துருக்கியில் பாதிக் குடும்பப் பெயர்கள் அப்படி வந்தவைதான்.

பாயின் பேரனுக்குத் துபாயில் வேலை. பாஸ்போர்ட் படிவத்தில் 'சர்நேம்' என்றொரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன போடுவது என்று வீட்டில் மூன்று நாள் பேச்சு நடந்திருக்கிறது. அத்தா பேரைப் போடு என்றது ஒரு கட்சி. அப்படிப் போட்டால் அங்கே எல்லாரும் இவனை அத்தா பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றது எதிர்க்கட்சி. ஏற்கெனவே சவூதியில் இருக்கிற மூத்த மகனைப் பத்து வருஷமாக எல்லாரும் "அப்துல் காதர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்துல் காதர் என் எதிரே திராட்சை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ராவுத்தர்னு போட்டிருக்கலாமே பாய்? கச்சிதமா இருந்திருக்கும்ல?"

அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"அது பேரா தம்பி? மரியாதைல்ல. அடுத்தவங்க கூப்புடணும். நம்மளே எப்புடி எழுதிக்கிறது?"

பேரன் நிமிர்ந்து, "கேரளாக்காரப் பசங்கள்லாம் போட்டிருக்காங்க நன்னா" என்று தாத்தாவிடம் சொன்னான். பாய் அதைக் காதில் வாங்கவில்லை. என் பையில் ஒன்றரைக் கிலோவைக் கட்டி, வழக்கப்படி ஒரு கொத்தை மேலே வைத்தார்.

"சிறுமலைக்கு எப்பப் போறீக? மலைவாழ கேட்டிருந்தீகளே" என்றார். கிழக்கே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மலை தெரிந்தது. வண்டி போகாத தோட்டங்களிலிருந்து அங்கே இன்னும் குதிரைகள்தான் வாழைத்தாரையும் எலுமிச்சையையும் சுமந்து இறக்குகின்றன. இரண்டு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டு, கல்லுக்குக் கல் கால் பதித்து, ஆளில்லாமலே வழி தெரிந்து வரும்.

"அங்க குதிரை வச்சிருக்கறவங்க யாரு பாய், உங்க ஆளுங்களா?"

"இல்லப்பா. எங்காளுக எவனுக்குக் குதிரை ஓட்டத் தெரியும்? நிக்காவுக்கு ஏத்திவிட்டாகளே, அன்னைக்கே பயந்து செத்தேன்" என்றார் ராவுத்தர்.

(அடுத்த வாரம்: மரைக்காயர்)